இன்சுலின் பதிவைத் திருத்துவது யார்?

யூனிப்ராட் என்னும் புரதத் தரவுத்தளத்தில் மனித இன்சுலினுக்கு பி01308 என்று ஓர் எண் உண்டு. அந்தப் பதிவைத் திறந்தால் 110 எழுத்துகள் கொண்ட ஒரு வரிசை கண்ணில் படும். ஓர் எழுத்துக்கு ஓர் அமினோ அமிலம். ஆனால் கணையம் இரத்தத்தில் கலக்கும் இன்சுலினில் இருப்பவை 51 அமினோ அமிலங்கள்தாம். கேம்பிரிட்ஜில் பிரெடெரிக் சாங்கர் மாட்டு இன்சுலினைத் துண்டுதுண்டாக உடைத்து, 1955 வாக்கில் முழுமையாக வாசித்து முடித்தபோது கிடைத்ததும் 51தான். அதற்காக 1958இல் அவருக்கு நோபல் பரிசு தரப்பட்டது. மிச்சம் 59 எங்கிருந்து வந்தன? இன்சுலின் முதலில் ஒரே நீண்ட சங்கிலியாக உருவாகிறது, நடுத்துண்டு வெட்டி நீக்கப்பட்ட பிறகே ஏ, பி என்னும் இரண்டு சங்கிலிகளாக நிற்கிறது என்பதை 1967இல் டொனால்ட் ஸ்டைனர் காட்டினார். அந்த நீண்ட சங்கிலிக்கும் முன்னால், அதைச் செல்லிலிருந்து வெளியேறும் வழிக்கு அனுப்பிவைக்கும் 24 அமிலங்கள் இருப்பது பிறகு தெரியவந்தது. இதனால் சாங்கர் பி சங்கிலியின் முதல் அமிலம் என்று எண்ணியது இன்று 25ஆவது அமிலம். மருத்துவ நூல்கள் பி7க்கும் ஏ7க்கும் இடையே உள்ள கந்தகப் பாலம் என்று சொல்வதைத் தரவுத்தளம் 31க்கும் 96க்கும் இடையே என்று சொல்கிறது. இரண்டும் சரியே. எந்த எண் எந்த எண்ணுக்கு நிகர் என்று இரண்டையும் அறிந்த ஒருவர் உட்கார்ந்து எழுதிவைத்ததால்தான் பழைய ஆய்வுரையும் புதிய மரபணுச் சோதனையும் ஒரே அமிலத்தைப் பற்றிப் பேசுகின்றன என்பது நமக்குத் தெரிகிறது.

உயிரித் தரவுத்தளங்களின் வரலாற்றைச் சொல்கிறவர்கள் வழக்கமாக அளவைப் பற்றித்தான் சொல்வார்கள். டி.என்.ஏ. வரிசைகளுக்கான அமெரிக்கத் தரவுத்தளமான ஜென்பேங்கின் 1982 டிசம்பர் வெளியீட்டில் 606 வரிசைகளும் 6,80,338 எழுத்துகளும் இருந்தன. அதன்பின் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுக்கு ஒருமுறை இரட்டித்துக்கொண்டே போனது. வெள்ளம் வந்தது, கணினிகள் திணறின, புதிய கணினிகள் வந்து காப்பாற்றின என்று கதை ஓடும். அந்தக் கதை பொய்யில்லை. ஆனால் மையமான சிக்கலை அது தொடவில்லை. 1970இல் எட்கர் காட் வகுத்த அட்டவணைத் தரவுத்தளம் வங்கிக்கும் கிடங்குக்கும் இரயில் முன்பதிவுக்கும் அவ்வளவு நன்றாகப் பொருந்தியதற்குக் காரணம், அங்கெல்லாம் ஏட்டில் இருப்பதே உண்மை என்பதுதான். கணக்கில் ஆயிரம் ரூபாய் என்று எழுதியிருந்தால் உங்களிடம் ஆயிரம் ரூபாய் இருக்கிறது. உயிரியலில் உண்மை ஏட்டுக்கு வெளியே, செல்லுக்குள் இருக்கிறது. ஏட்டில் இருப்பது அதைப் பற்றி ஒருவர் ஒரு நாளில் கொண்டிருந்த கருத்து. இந்தப் புரதம் இன்ன வேலையைச் செய்கிறது, இந்த மரபணு இங்கே தொடங்குகிறது என்பதெல்லாம் அடுத்த சோதனையில் மாறக்கூடியவை. ஆகவே இந்தத் தரவுத்தளங்களின் முதல் கேள்வி எவ்வளவு சேர்ப்பது என்பதைவிட, சேர்த்ததைத் திருத்தும் உரிமையும் கடமையும் யாருக்கு என்பதே. அறுபது ஆண்டுகளாக இத்துறை தடுமாறிய இடங்களைப் பார்த்தால், பெரும்பாலும் இந்தக் கேள்வியைத் தள்ளிப்போட்ட இடங்களாகவே இருக்கின்றன.

கேள்வியை முதலில் நேராக எதிர்கொண்டவர் மார்கரெட் டேஹாஃப். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் துளையட்டை இயந்திரங்களைக் கொண்டு குவாண்டம் வேதியியல் கணக்குகளைப் போட்டு முனைவர் பட்டம் பெற்றவர். 1960இல் ராபர்ட் லெட்லி தொடங்கிய தேசிய உயிர்மருத்துவ ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்தார். புரதத் துண்டுகளைப் பொருத்தி முழு வரிசையை ஊகிக்கும் ஒரு நிரலை 1962இல் லெட்லியும் அவரும் ஐபிஎம் 7090 கணினிக்காக எழுதினார்கள். 1965இல் டேஹாஃபும் உடன் பணியாற்றியவர்களும் சுமார் 65 புரதங்களின் வரிசைகளைத் தொகுத்துப் புரத வரிசைகளின் அட்லஸ் என்று நூலாக வெளியிட்டார்கள். ஆய்விதழ்களில் சிதறிக் கிடந்தவற்றைத் தேடி எடுத்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, முரண்பட்டவற்றை ஆராய்ந்து சேர்த்த வேலை அது. ஆங்கிலத்தில் இப்பணி செய்வோரைக் கியூரேட்டர் என்கிறார்கள். தமிழில் பதிப்பாசிரியர் என்ற சொல்லே இதற்குப் பொருந்தும். சுவடிகளைத் திரட்டி, பாடபேதம் பார்த்து, எது மூலம், எது படியெடுத்தவரின் பிழை என்று பிரித்துக் குறிப்புரை எழுதுகிறவர் செய்வதும் இதே வேலைதான். ஒரு புரதத்தின் முழு வரிசையும் கண்ணுக்கு அடங்கும்படி, மூன்றெழுத்துச் சுருக்கங்களை விட்டு ஓர் அமிலத்துக்கு ஓரெழுத்து என்ற குறியீட்டை அவர் கைக்கொண்டதும் ஒரு பதிப்பாசிரியரின் முடிவே. உலகம் முழுக்க இன்றும் அந்த எழுத்துகளில்தான் புரதங்களை எழுதுகிறார்கள்.

அவருக்குக் கிடைத்த மரியாதை அந்த வேலையின் அளவுக்கு இல்லை. சோதனைக்கூடத்தில் ஒரு புரதத்தை வாசிக்க ஆண்டுக்கணக்கில் பாடுபட்டவர்களுக்கு, பிறர் கண்டதைத் தொகுப்பது ஓர் ஆய்வாகவே படவில்லை. வெளியிடாத வரிசைகளைக் கொடுக்கவும் தயங்கினார்கள். நிலையான அரசு நிதி கிடைக்காததால் நூலையும் காந்த நாடாக்களையும் விலைக்கு விற்று, மறுவெளியீட்டுக்குக் கட்டுப்பாடு விதித்துத்தான் பணியை நடத்த வேண்டியிருந்தது. அதுவே பின்னால் அவருக்கு எதிரான குற்றச்சாட்டாக மாறியது: எங்கள் வரிசைகளை வாங்கி எங்களிடமே விற்கிறார்கள் என்றார்கள். 1982இல் அமெரிக்க அரசு டி.என்.ஏ. வரிசைகளுக்கு ஒரு தேசியத் தரவுத்தளம் அமைக்க முன்வந்தபோது, பொறுப்பு அவருக்கு வராமல் லாஸ் அலமோஸில் வால்டர் கோடின் குழுவுக்குச் சென்றது. தரவு எல்லோருக்கும் தடையின்றிக் கிடைக்கும் என்று அந்தக் குழு உறுதியளித்திருந்தது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் டேஹாஃப் காலமானார். திறந்த தரவு என்ற கொள்கை வென்றது நல்லதே. அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்த வெற்றியோடு வேறொன்றும் கைநழுவியது. டேஹாஃபின் நூலில் ஒவ்வொரு வரிக்கும் பொறுப்பேற்ற ஒரு கை இருந்தது. தரவின் உடைமை பற்றிய சண்டையில், அந்தக் கைக்குக் கூலி கொடுப்பது யார் என்ற கேள்வி தனியாக எழுப்பப்படவே இல்லை.

இப்படிப் பிறந்த ஜென்பேங்கும், அதற்குச் சற்று முன்பே ஹைடல்பெர்கில் தொடங்கிய ஐரோப்பியத் தரவு நூலகமும் முதலில் டேஹாஃபின் வழியிலேயே போயின. ஊழியர்கள் ஆய்விதழ்களைப் புரட்டுவார்கள். அச்சிட்ட பக்கத்தில் எறும்பு வரிசை போல் ஓடும் ஏ, சி, ஜி, டி என்ற நான்கு எழுத்துகளை விசைப்பலகையில் தட்டச்சு செய்வார்கள். மரபணுவின் தொடக்கம், முடிவு, செயல் ஆகியவற்றைப் படித்துக் குறிப்பார்கள். வரிசை வாசிக்கும் உத்தி மலிவானபோது இது தாங்கவில்லை. 1980களின் நடுவில் இதழில் வெளியான ஒரு வரிசை தரவுத்தளத்துக்கு வர ஓராண்டுக்கு மேலும் ஆனது. தீர்வை ஆய்விதழ்கள் தந்தன. வரிசையைத் தரவுத்தளத்தில் நீங்களே செலுத்தி ஏற்பு எண் வாங்கி வாருங்கள், இல்லையேல் கட்டுரையை வெளியிட மாட்டோம் என்று அந்தப் பத்தாண்டின் இறுதியில் ஒவ்வோர் இதழாக விதி செய்யத் தொடங்கியது. தேக்கம் உடைந்தது. 1996இல் பெர்முடாவில் கூடிய மனித மரபணுத் தொகுதி ஆய்வாளர்கள், புதிய வரிசைகளை 24 மணி நேரத்துக்குள் பொதுவில் வைப்பது என்று முடிவெடுக்க முடிந்ததும் இந்த ஏற்பாடு நிலைபெற்றிருந்ததால்தான். இதற்குத் தந்த விலை என்னவென்றால், செலுத்தியவரே பதிவின் சொந்தக்காரர் ஆனார். அவர் திருத்தினால் உண்டு. அவர் ஓய்வு பெற்றாலோ, துறை மாறினாலோ, இறந்தாலோ, பிழை அங்கேயே உறைந்துவிடும்.

ஓரிடத்தில் கிடக்கும் பிழை பெரிய தீங்கில்லை. உயிரியலில் பிழைகள் கிடப்பதில்லை, படியெடுக்கப்படுகின்றன. புதிய மரபணு ஒன்று கிடைத்தால், அதைப் போன்ற வரிசை தரவுத்தளத்தில் ஏற்கெனவே இருக்கிறதா என்று தேடுவார்கள். இருந்தால் அதன் குறிப்புரையை இதற்கும் எழுதிவிடுவார்கள். நாளை வேறொருவர் இந்தப் பதிவைப் பார்த்து மூன்றாவதற்கு எழுதுவார். முதல் ஏட்டில் எழுத்தாணி சறுக்கியிருந்தால் நூறாவது ஏட்டிலும் சறுக்கல் இருக்கும். நூறு ஏடுகள் ஒத்துச்சொல்வதால் அது உண்மை போலவும் தெரியும். 1995இல் வாசிக்கப்பட்ட மைக்கோபிளாஸ்மா ஜெனிடேலியம் என்ற சிறு பாக்டீரியாவின் மரபணுக்களுக்கு மூன்று குழுக்கள் தனித்தனியே குறிப்புரை எழுதின. ஒன்றுக்கு மேற்பட்ட குழுக்கள் பெயரிட்ட 340 மரபணுக்களை 1999இல் ஸ்டீவன் ப்ரென்னர் ஒப்பிட்டபோது, 8 விழுக்காட்டில் ஒருவர் சொன்னதும் மற்றவர் சொன்னதும் ஒத்துப்போகவே இல்லை. அவற்றில் குறைந்தது ஒன்றாவது தவறாக இருந்தாக வேண்டும். பத்தாண்டு கழித்து 37 என்சைம் குடும்பங்களை நான்கு பெரிய தரவுத்தளங்களில் சோதித்த ஓர் ஆய்வின் முடிவு இன்னும் கடுமையானது: பத்துக் குடும்பங்களில், ஏதேனும் ஒரு தரவுத்தளத்திலாவது பிழை 80 விழுக்காட்டைத் தாண்டியது. நான்கில் ஒன்றில் மட்டும் பிழை ஏறத்தாழ இல்லை. மனிதர்கள் படித்துப் பார்த்துப் பதிப்பிக்கும் ஸ்விஸ்-ப்ராட் அது.

இதற்கு ஆவணக் காப்பாளர்கள் சொல்லும் மறுப்பு வலுவானது. 2008இல் பூஞ்சை ஆய்வாளர்கள் இருநூற்றுக்கு மேற்பட்டோர், ஜென்பேங்கில் பல பூஞ்சை வரிசைகள் தவறான இனப்பெயரில் இருக்கின்றன, மற்றவர்களும் திருத்தக் குறிப்பு எழுத அனுமதியுங்கள் என்று கேட்டார்கள். ஜென்பேங்க் மறுத்தது. அது ஓர் ஆவணக் காப்பகம். ஆய்வாளர் எதைச் சமர்ப்பித்தாரோ அதுவே காக்கப்பட வேண்டும். வருகிறவர் போகிறவர் எல்லாம் எழுதினால் எது யாருடைய கூற்று என்றே தெரியாமல் போகும் என்பது அதன் வாதம். இது சரியான வாதம் என்றே நினைக்கிறேன். மூலச்சுவடியின் மேலேயே திருத்தி எழுதுகிறவரை எந்தப் பதிப்பாசிரியரும் மன்னிக்க மாட்டார். ஆனால் மூலச்சுவடியைக் காப்பது ஒரு பணி, அதிலிருந்து செம்பதிப்பு கொண்டுவருவது இன்னொரு பணி. முதலாவதற்கு மூன்று கண்டங்களும் சேர்ந்து நிலையான நிறுவனங்களைக் கட்டின. ஜப்பானின் தரவு வங்கியும் 1980களிலேயே அமெரிக்க, ஐரோப்பியத் தரவுத்தளங்களோடு கைகோத்தது. இரண்டாவது பணியோ நெடுங்காலம் ஓரிரு தனிமனிதர்களின் பிடிவாதத்தில் நின்றது. பூஞ்சை ஆய்வாளர்கள் தங்கள் திருத்தங்களை எஸ்டோனியாவின் டார்ட்டுவை மையமாகக் கொண்ட யூனைட் என்ற தனித் தரவுத்தளத்தில் எழுதிக்கொள்ள வேண்டியிருந்தது. ஜென்பேங்கில் மட்டும் தேடுகிறவர் கண்ணுக்கு அவை படுவதில்லை.

ஸ்விஸ்-ப்ராட்டின் கதை அந்தப் பிடிவாதத்தின் கதை. ஜெனீவாவில் மாணவராக இருந்த அமோஸ் பைராக், தாம் எழுதிய மென்பொருளுக்குத் தேவைப்பட்டதால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட புரத வரிசைகளைத் தம் கையாலேயே தட்டச்சு செய்தார். டேஹாஃபின் தொகுப்பை எடுத்து, ஹைடல்பெர்க் தரவு நூலகத்தின் வடிவத்துக்கு மாற்றி, 1986இல் ஸ்விஸ்-ப்ராட் என்று வெளியிட்டபோது அதில் சுமார் 3,900 பதிவுகள் இருந்தன. பத்தே ஆண்டில் உலகில் புரதத்தோடு தொடர்புடைய ஆய்வு செய்கிற எவரும் அதைத் தொடாமல் இருக்க முடியாது என்ற நிலை. அந்தப் பத்தாவது ஆண்டில்தான், 1996 மே மாதம், நிதி நின்றுவிட்டதால் ஜூன் இறுதியோடு பணியை நிறுத்துகிறோம் என்று பைராக் அறிவிக்க நேர்ந்தது. நிதி தருகிற அமைப்புகளுக்குப் புதிய கண்டுபிடிப்பு வேண்டும். பழைய பதிவுகளைச் செப்பம் செய்வது அவர்கள் கணக்கில் ஆய்வாகவே வரவில்லை. ஆயிரக்கணக்கான ஆய்வாளர்கள் மடல் எழுதிய பிறகு இடைக்கால உதவி வந்தது, நிறுவனங்களிடம் உரிமக் கட்டணம் வாங்க ஏற்பாடானது, 1998இல் சுவிஸ் உயிர்த்தகவலியல் நிறுவனம் பிறந்தது. 2002இல் டேஹாஃபின் வாரிசான புரதத் தகவல் வளமும் இதனுடன் இணைந்து யூனிப்ராட் உருவானது. முப்பது ஆண்டு முன்பு டேஹாஃப் நின்ற அதே இடத்தில் பைராக்கும் நிற்க வேண்டியிருந்தது தற்செயல் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

இதெல்லாம் தொழில்நுட்பம் முதிராத காலத்துச் சங்கடங்கள், நல்ல கட்டமைப்பு வந்தால் தீர்ந்துவிடும் என்று கணினி அறிஞர்கள் வாதிடலாம். வடிவமைப்பின் சிக்கல்கள் உண்மையானவை. அவற்றைச் சிறிதாக்கக் கூடாது. 1971இல் ஏழு கட்டமைப்புகளோடு ப்ரூக்ஹேவனில் தொடங்கிய புரதத் தரவு வங்கியின் கோப்பு, துளையட்டையின் 80 நெடுவரிசைகளுக்கு ஏற்ப வகுக்கப்பட்டது. அணுவின் வரிசை எண்ணுக்கு அதில் ஐந்து இடம், சங்கிலியின் பெயருக்கு ஓர் இடம். அதனால் 99,999க்கு மேல் அணுக்கள் கொண்ட ரைபோசோமை ஒரே கோப்பில் எழுத வழியில்லாமல், பல கோப்புகளாக வெட்டி வைத்தார்கள். 2014இல்தான் அவை ஒட்டவைக்கப்பட்டன. விரிதாள் மென்பொருள் செய்த குழப்பமும் அறிந்ததே. செப்ட்2 என்ற மரபணுப் பெயரைத் தட்டினால் அது செப்டம்பர் 2 என்ற தேதியாக மாறிவிடும். மரபணுப் பட்டியலை விரிதாளில் இணைத்திருந்த ஆய்வுக் கட்டுரைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் இப்பிழை இருப்பதாக 2016இல் கணக்கிட்டார்கள். 2020இல் மரபணுப் பெயர்க் குழு செப்டின்2 என்று பெயரையே மாற்றியது. ஆனால் இரண்டிலும் முடிவு எப்படி வந்தது என்று பாருங்கள். எந்தக் கருவியும் தானாகச் சரிசெய்துகொள்ளவில்லை. பொறுப்பேற்ற ஒரு குழு கூடி, பழைய பெயரையும் பழைய கோப்பையும் கைவிடாமல் புதியதோடு இணைத்து, இனி இப்படி என்று விதி செய்ய வேண்டியிருந்தது.

இயந்திரமே காவல் நிற்கக்கூடிய இடம் ஒன்று உண்டு, அதற்கான கோடு சென்னையில் வரையப்பட்டது. 1963இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். இராமச்சந்திரன், சி. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூவரும், புரதச் சங்கிலியின் ஒவ்வோர் இணைப்பும் எந்தெந்தக் கோணங்களில் திரும்பலாம், எங்கே அணுக்கள் ஒன்றோடொன்று மோதும் என்று கணக்கிட்டு ஒரு வரைபடம் தந்தார்கள். புரதக் கட்டமைப்புகள் விரல்விட்டு எண்ணும் அளவில் இருந்த காலம் அது. இன்று புரதத் தரவு வங்கிக்கு வரும் ஒவ்வொரு புரதக் கட்டமைப்பும் அந்த வரைபடத்தின் மேல் வைத்துப் பார்க்கப்படுகிறது. அனுமதிக்கப்பட்ட பகுதிக்கு வெளியே எத்தனை அமிலங்கள் விழுந்தன என்று சரிபார்ப்பு அறிக்கையில் அச்சாகிறது. சமர்ப்பித்தவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் கோணங்கள் அவருக்காக வளைந்து கொடுக்காது. ஏட்டுக்கு வெளியே உள்ள உண்மையை ஏட்டின் மேல் வைத்துப் பார்க்கும் அளவுகோல் இருந்ததால்தான் அந்த வங்கி நம்பகமாக வளர்ந்தது. புரதத்தின் செயலுக்கு அப்படி ஓர் அளவுகோல் இன்னும் இல்லை. இந்த என்சைம் எதை உடைக்கிறது என்பதற்கு வரைபடம் கிடையாது. சோதனை செய்தவரின் கட்டுரையைப் படித்து, நம்பலாமா என்று எடைபோட ஆள் வேண்டும்.

ஆல்ஃபாஃபோல்டு என்ற கணினி நிரலுக்குப் பிறகு ஆள் எதற்கு என்பது இன்றைய மறுப்பு. 20 கோடிக்கு மேற்பட்ட புரதங்களின் வடிவத்தை அது 2022க்குள் ஊகித்துக் கொடுத்தது. 2024இல் வேதியியல் நோபல் பரிசும் வந்தது. அந்தச் சாதனையை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அது எதைப் படித்துக் கற்றது? ஐம்பது ஆண்டுகள் சரிபார்த்துச் சேர்த்த புரதத் தரவு வங்கியின் கட்டமைப்புகளை. அளவுகோல் இருந்த, காவல் இருந்த களஞ்சியத்தில் அது விளைந்தது. குறிப்புரைகளின் களத்தில் நிலைமை வேறு: யூனிப்ராட்டில் மனிதர் படித்துப் பதிப்பித்தவை சுமார் 5.7 லட்சம், இயந்திரம் பெயரிட்டவை பல கோடி. இயந்திரத்தின் விதிகளும் அந்த 5.7 லட்சத்திலிருந்து வடித்தவைதாம். ஊற்று தூராமல் பார்த்துக்கொள்கிறவர்களை நிறுத்திவிட்டு வாய்க்காலை அகலப்படுத்துவதில் என்ன பயன்? அப்படித்தான் நடந்துகொண்டிருக்கிறது. தாவர ஆய்வின் அடிப்படைச் செடியான அராபிடாப்சிஸுக்கு உரிய தரவுத்தளம் 2013இல் அமெரிக்க அரசின் நிதி முடிந்து, பல்கலைக்கழகங்களிடம் சந்தா வாங்கிப் பிழைக்கும் நிலைக்கு வந்தது. திறந்த தரவு என்று டேஹாஃபைத் தோற்கடித்த நாட்டிலேயே, நாற்பது ஆண்டுகளுக்குள், பதிப்பாசிரியரின் சம்பளத்துக்கு அவர் கண்ட வழிதான் மீண்டும் வழியாயிற்று.

பி01308 பதிவின் கடைசியில் அதன் வரலாறு சில வரிகளில் இருக்கிறது. தரவுத்தளத்தில் சேர்ந்த நாள் 1986 ஜூலை 21. வரிசையின் பதிப்பு எண் இன்னும் 1. அந்த 110 எழுத்துகளில் ஒன்றும் இதுவரை மாறவில்லை. பதிவின் பதிப்பு எண் இருநூற்றைத் தாண்டிவிட்டது.